பாத் பாம் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பாத் பாம் என்பது குளியல் தொட்டித் தண்ணீரில் போட்டதும் சீறிக் கரையும் வாசனை உருண்டை. அடிப்படைக் கலவையில் செய்யும் முதல் உருண்டை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்துவிடும். சிக்கல் தொடங்குவது இரண்டாவது தடவையில்தான். லாவெண்டர் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், மேலே நாலு இதழ் ஒட்டுவோம், நிறம் இன்னும் அடர்த்தியாக வரட்டும், தோலுக்கு நல்லது என்கிறார்களே, தேனும் ஒரு ஸ்பூன் விடுவோம் என்று ஆசை ஒவ்வொன்றாகச் சேரும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அச்சிலிருந்து காளான் மாதிரி ஏதோ ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நான் அப்படி வளர்த்த காளான்களுக்குக் கணக்கில்லை.

கோளாறு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எப்போது வந்தது? தொட்டியில் போட்டபின் வர வேண்டிய தண்ணீர் முன்கூட்டியே வந்துவிட்டால் உருண்டை பொங்கும், வெடிக்கும், பிறகு நுரைக்க அதில் எதுவும் மிஞ்சாது. வர வேண்டிய நேரத்தில் எண்ணெயோ களிமண்ணோ குறுக்கே நின்றால் மந்தமாகக் கரையும். கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு இருக்கட்டும். சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், சோள மாவு 50 கிராம், பாதாம் எண்ணெய் போல ஏதாவது ஒரு எண்ணெய் 10 கிராம், வாசனை எண்ணெய் 3 கிராம். ஈரப்படுத்துவதற்கு ஸ்பிரே பாட்டிலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரண்டு பாதியாகப் பிரியும், 6.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை அச்சில் இரண்டு உருண்டைகள் வரும், கொஞ்சம் மிஞ்சும். ஸ்பூன் கணக்கை நம்ப வேண்டாம், சின்னத் தராசு ஒன்று அவசியம். ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு எரியும் இடத்தில் இந்த வேலை கூடாது. ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

சோடாவும் அமிலமும் உலர்ந்த நிலையில் ஒன்றாகவே கிடந்தாலும் சும்மா இருக்கும். ஈரம் பட்டதும் வினை புரிந்து மூன்று பொருட்களைத் தருகின்றன: கார்பன் டை ஆக்சைடு வாயு, சோடியம் சிட்ரேட் என்ற உப்பு, அப்புறம் கொஞ்சம் தண்ணீர். இந்த மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒரு துளி ஈரத்தில் தொடங்கிய வினை தனக்கு வேண்டிய அடுத்த துளியைத் தானே தயாரித்துக்கொள்ளும். "கொஞ்சம்தானே ரோஜா நீர் விட்டேன்" என்பது இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

அச்சுக்குள்ளேயே பொங்குகிறது, மேலே பரு பருவாக எழும்புகிறது

தண்ணீர் முன்கூட்டி வந்துவிட்டது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஸ்பிரே பாட்டிலைப் பாருங்கள். அதில் இருப்பது வெறும் தண்ணீரோ ரோஜா நீரோ என்றால் விசாரணை அங்கேயே முடிந்தது. ஆல்கஹால்தான் என்றாலும் லேபிளைப் படியுங்கள். 70% என்று போட்டிருந்தால் மீதியில் பெரும்பங்கு தண்ணீர். 91% அல்லது 99% தான் இதற்கு ஏற்றது. பல செய்முறைகளில் வரும் விட்ச் ஹேசல் என்ற செடிச் சாறும் பெரும்பாலும் தண்ணீர்தான். கை பழகியவர்கள் அதை அளந்து தெளித்துச் சமாளிப்பார்கள், புதியவர்களுக்கு அது வேண்டாத வம்பு.

அடுத்து, நீங்கள் புதிதாகச் சேர்த்தவற்றை எண்ணிப் பாருங்கள். தேன், கற்றாழை ஜெல், பால், புதிதாகச் சீவிய எலுமிச்சைத் தோல், வாடாத பூவிதழ், தண்ணீரில் கரைத்த ஃபுட் கலர் எல்லாமே தண்ணீரைச் சுமந்து வருபவை. கிளிசரின் வேறு ரகம்: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு வரும். பாலும் தேனும் வேண்டும் என்றால் பொடி வடிவில் வாங்கிச் சேர்க்கலாம். மற்றவற்றைக் குளிக்கும் நேரத்தில் தனியாகத் தொட்டியில் போட்டுக்கொள்வதே மேல்.

இரண்டிலும் தப்பில்லை என்றால் காற்றுதான் குற்றவாளி. மழை நாளில் செய்தீர்களா? பக்கத்தில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்ததா? ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வைத்துக்கொண்டு 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாளில் செய்தால் பாதித் தொல்லை இல்லை. குளியலறையில் காய வைப்பது கூடவே கூடாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 'குளியல் சாமான்தானே' என்று அங்கேயே அடுக்கி வைப்பவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை வைத்தேன்.

பொங்கப் போகிறதா என்பதைக் கையே முன்கூட்டிச் சொல்லிவிடும். இந்த வினை சூட்டை வெளியே விடாது, சுற்றியிருக்கும் சூட்டை உள்ளே இழுக்கும். கலவை ஜில்லென்று ஆகி, ஆனபடியே நின்றால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. ஆல்கஹால் ஆவியாகும்போதும் சற்றுக் குளிரும், ஆனால் அது சீக்கிரமே அடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் பாத்திரத்தைக் காதருகே கொண்டுபோங்கள். ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் கேட்டால் அச்சில் அடைக்காதீர்கள். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கட்டிகளை உடைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட்டுப் பிறகு சலியுங்கள். பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால் ஆல்கஹால் தெளித்து மறுபடி பிடிக்கலாம்.

சேர்க்கும் வரிசையும் கைகொடுக்கும். சோடா, மாவு, நிறப்பொடி மூன்றையும் சலித்துக் கலந்து, அதில் எண்ணெயையும் வாசனையையும் விட்டுத் தேய்த்து, சிட்ரிக் அமிலத்தைக் கடைசியில் சேர்த்தால் கடைசியில் தெளிக்கும் ஆல்கஹாலைத் தவிர வேறெந்தத் திரவமும், அமிலமும் சோடாவும் ஒன்றாக இருக்கும் இடத்தில் நேரடியாக விழாது.

விரிசல் விடுகிறது

இந்த ஓர் அறிகுறிக்கு மூன்று நேர்மாறான காரணங்கள் இருப்பதால்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருவர் ஈரம் கூட்டு என்பார், இன்னொருவர் குறை என்பார். இரண்டு பேருமே அவரவர் உருண்டைக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். விரிசலை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மேற்பரப்பு உப்பி, வெந்த பிஸ்கட்டின் மேல்பக்கம் போல வலைப்பின்னலாக வெடித்திருந்தால் உள்ளே வாயு உண்டாகித் தள்ளியிருக்கிறது. அச்சில் இருந்தபோதைவிட உருண்டை பெரிதாகியிருக்கும், பழையபடி அச்சுக்குள் உட்காராது. இது ஈரம் கூடியதால் வந்தது, மேலே சொன்ன எல்லாமே இதற்கும் பொருந்தும்.

விரிசல் கூர்மையாக, நேர்கோடாக, உருண்டை அதே அளவில் இருந்து, விரலால் தடவினால் தூள் கொட்டினால் ஈரம் போதவில்லை. அல்லது போதுமான அளவு அழுத்தவில்லை. கலவையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரியான பதம். மணலாகச் சிதறினால் இன்னும் இரண்டு ஸ்பிரே. உடையவே இல்லை, தட்டில் தட்டையாக உட்கார்ந்துவிட்டது என்றால் ஈரம் அதிகம். கடற்கரையில் வீடு கட்டும் ஈர மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அளவுகோல். ஆல்கஹால் வேகமாக ஆவியாவதால் முதல் உருண்டைக்கு இருந்த பதம் நாலாவது உருண்டைக்கு இருக்காது. நடுநடுவே பிடித்துப் பார்த்து ஒரு ஸ்பிரே விட்டுக்கொள்ள வேண்டும். நிறைய செய்யும் ஆசையில் மொத்தமாகக் கலப்பவர்களுக்குக் கடைசி உருண்டைகள் உதிர்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, நடுவில் மட்டும் வளையமாக வரும் விரிசல். இது கலவையின் குற்றமே அல்ல, இரண்டு பாதியைச் சேர்த்த விதம் சரியில்லை. ஒவ்வொரு பாதியிலும் ஓரம் வரை அழுத்தி நிரப்பிவிட்டு, மேலே அழுத்தாத தளர்ந்த கலவையைக் குவித்து, இரண்டையும் நேருக்கு நேர் வைத்து அமுக்க வேண்டும். அந்தத் தளர்ந்த பகுதிதான் இரண்டையும் இணைக்கும் பசை. இரண்டு முகங்களையும் வழவழவென்று மழித்துவிட்டுச் சேர்த்தால் ஒட்டாது. அமுக்கும்போது திருகவும் கூடாது. திருகினால் ஒட்டிய இடம் அறுந்து, கண்ணுக்குத் தெரியாத கோடாக நின்று, காய்ந்தபின் இரண்டாகக் கழன்று விழும்.

காய வைக்கும்போது வெயிலிலோ ஓவனிலோ வைப்பவர்களுக்கு நாலாவது வகை ஒன்று வரும்: வெளிப்புறம் சட்டென்று உலர்ந்து, உட்புறம் ஈரமாக இருந்து, ஓடு பெயர்வதுபோல மேல்தோல் கழலும். சூடு வேறு விதத்திலும் கெடுதல். 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சமையல் சோடா சிதைந்து, சலவைச் சோடாவாக மாறத் தொடங்கும், அது தோலுக்குக் கடுமையான காரம். நிழலில், காற்றோட்டத்தில், ஒரு நாள் முழுக்க விடுவதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

அச்சில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது

அச்சை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்க உலரவைத்து, உள்ளே சோள மாவை ஒரு தூவு தூவித் தட்டிவிடுங்கள். பழைய கலவையின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் புதியது பிடித்துக்கொள்ளும். நிரப்பியபின் ஐந்து நிமிடம் விட்டு, கரண்டியின் பின்புறத்தால் அச்சைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி, ஒரு பாதியை நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் வராது. இரவு முழுக்க அச்சிலேயே விடுவதும் சரியில்லை, ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும்.

இரண்டு நாளாகியும் கெட்டிப்படவில்லை, மெத்தென்று இருக்கிறது

ஆல்கஹால் ஆவியாகும், எண்ணெய் ஆவியாகாது. 'தோல் வறட்சிக்கு நல்லது' என்று எண்ணெயை 10 கிராமிலிருந்து 30 ஆக்கினால் அந்த உருண்டை எத்தனை நாளானாலும் ஈரக் களிமண் போலவே இருக்கும். எண்ணெயின் வகையும் முக்கியம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும், அறை அதைவிடச் சூடாக இருந்தால் கெட்டிப்படுத்த அது உதவாது. கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் உருண்டைக்குள் கெட்டியாக நின்று, வெந்நீரில் இளகும். மிருதுவான குளியலும் வேண்டும், கெட்டியான உருண்டையும் வேண்டும் என்றால் எண்ணெயைக் கூட்டாதீர்கள், ஒரு பகுதியைக் கோகோ வெண்ணெயாக மாற்றுங்கள்.

உப்பும் இதே வேலையைச் செய்யும். எப்சம் உப்பின் எடையில் பாதிக்கு மேல் அதன் படிகத்துக்குள் பூட்டிய தண்ணீர். சாதாரணமாக அது வெளியே வராது என்றாலும் அதிகம் போட்டால் கலவை வியர்க்கத் தொடங்கும். கல்லுப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 200 கிராம் சோடாவுக்கு உப்பு 30 கிராமைத் தாண்ட வேண்டாம், அதுவும் நைசாக அரைத்தது.

கெட்டிப்படுத்த கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலப் பொடி ஒரு மேசைக்கரண்டி, அல்லது கயோலின் என்ற வெள்ளைக் களிமண் ஒரு மேசைக்கரண்டி போதும். இரண்டையும் சேர்த்து நிறையக் கொட்டினால் கல்லாக உறைந்துவிடும், தொட்டியில் போட்டால் 'எனக்கென்ன' என்று கிடக்கும்.

தண்ணீரில் போட்டால் சீறவில்லை

ஒரு சிட்டிகை சமையல் சோடாவை வினிகரில் போடுங்கள். உடனே பொங்கவில்லை என்றால் பழைய சோடா, புதிது வாங்குங்கள். பொங்குகிறது என்றால் வாங்கிய பெட்டியை இன்னொரு தடவை பாருங்கள். பேக்கிங் சோடா என்று நினைத்து பேக்கிங் பவுடர் வாங்கியிருக்கலாம். அதில் அமிலமும் மாவும் ஏற்கெனவே கலந்திருக்கும், சோடா பாதிகூட இருக்காது.

இரண்டும் சரி என்றால் உருண்டை காயும்போதே ரகசியமாக வினை நடந்து தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உடைத்துப் பாருங்கள். உட்புறம் நுண்துளைகளோடு, ரொட்டித் துண்டு போலத் தெரிந்தால் சீற வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சீறி முடித்துவிட்டது. அதைப் பிழைக்க வைக்க முடியாது.

துளைகள் இல்லை, ஆனாலும் மந்தம் என்றால் எண்ணெய், களிமண், மாவு மூன்றில் ஒன்று கூடிவிட்டது. துகளைச் சுற்றி எண்ணெய் படிந்தால் தண்ணீர் உள்ளே போகத் திணறும்.

சீற்றம் இன்னும் பலமாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிராம் சிட்ரிக் அமிலம் முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 131 கிராம் சோடா போதும். நம் செய்முறையில் 200 போடுகிறோம், அதாவது 69 கிராம் வேலையில்லாமல் தண்ணீரில் கரைகிறது. அந்த மிச்சம்தான் தண்ணீருக்கு வழவழப்புத் தருகிறது, வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் சோடாவை 150 கிராமாகக் குறைத்தால் அதே எடையில் சீற்றம் கூடும். கூடவே ஈரத்துக்கு உருண்டை பயப்படுவதும் கூடும் என்பதை மறக்காமல் உலர்ந்த நாளில் செய்யுங்கள்.

இந்த உருண்டை முதன்முதலில் 1989-இல் ஒரு தோட்டக் கொட்டகையில் உருவானது. பின்னாளில் லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன், வயிற்றுக் கோளாறுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை சீறுவதைப் பார்த்துத்தான் அதைச் செய்தார். அந்த மாத்திரைகள் ஏன் ஈரம் புகாத உறையில் வருகின்றன என்பது இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

மூழ்கிப்போய் அடியிலேயே கரைகிறது

மேலே மிதந்து சுழன்று நிறம் பரப்ப வேண்டியது அடியில் கிடந்து புகைகிறது. 6.5 சென்டிமீட்டர் உருண்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 144 கன சென்டிமீட்டர். ஆகவே காய்ந்தபின் எடை 144 கிராமுக்குக் கீழே இருந்தால் மிதக்கும், தாண்டினால் மூழ்கும். நம் அடிப்படைக் கலவையை மல்லுக்கட்டி அழுத்தினால் 160-ஐ எட்டிவிடும். அடுத்த தடவை ஒவ்வோர் அச்சிலும் போடும் எடையை முன்பே நிறுத்துப் போடுங்கள். நடுவில் தளர்வாக, ஓரத்தில் இறுக்கமாக அழுத்துங்கள். உப்பைக் குறைத்து, சோள மாவை 20 கிராம் கூட்டுங்கள்.

மிதக்கிறது, ஆனால் சுழலவில்லை என்று குறைப்படுபவர்களும் உண்டு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சீறினால் எப்படிச் சுழலும்? ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் இல்லாத கலவையை ஒரு ஸ்பூன் ஒளித்து வையுங்கள், அந்தப் பக்கம் வேகமாகச் சீறித் தள்ளும்.

சீறுகிறது, ஆனால் சோப்பு நுரை நிற்கவில்லை

சோடாவும் அமிலமும் தருவது குமிழிகள்தான். அவை உடைந்துபோகும். மெத்தை மெத்தையாக நுரை நிற்க எஸ்.எல்.எஸ்.ஏ. எனப்படும் சோடியம் லாரில் சல்ஃபோஅசிட்டேட் பொடி வேண்டும். நம் அளவுக்கு 20 கிராம் தாராளம். மிக மெல்லிய தூள், மூக்கில் ஏறினால் தும்மலும் எரிச்சலும் பாடாய்ப்படுத்தும். மாஸ்க் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். இதைச் சேர்த்தபின் எண்ணெயைக் குறைக்க வேண்டும், நுரைக்கும் எண்ணெய்க்கும் ஆகாது.

நிறம்: புள்ளி புள்ளியாக, வெளிறி, அல்லது வேறு நிறமாக

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை நிறம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் கரையும் சாயம், கரையாத லேக் சாயம், மைக்கா மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

உருண்டை வெளிறியிருக்கிறது, தண்ணீரில் போட்டதும் பளிச்சென்று நிறம் வருகிறது என்றால் அது கரையும் சாயத்தின் இயல்பு. கோளாறு ஒன்றும் இல்லை. உலர்ந்த கலவையில் அது தூங்கிக்கொண்டிருக்கும். நிறம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டினால் குளித்தவரும் அதே நிறத்தில் எழுந்து வருவார். சிறு துணுக்கைக் கிண்ணத்து நீரில் போட்டுப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

நேர்மாறாக, உருண்டை அழகாக மின்னுகிறது, தண்ணீரில் நிறமே இல்லை என்றால் அது மைக்கா. அது கனிமத் துகள், கரையாது. உருண்டைக்கு அழகு சேர்க்க மைக்கா, தண்ணீருக்கு நிறம் தரக் கரையும் சாயம் என்று இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பதுதான் பலரும் கடைசியில் வந்து சேரும் இடம். மைக்காவும் லேக் சாயமும் தொட்டியின் ஓரத்தில் வளையமாகப் படிந்தால் பாலிசார்பேட் 80 ஒரு தேக்கரண்டியை எண்ணெயோடு கலந்து விடுங்கள். எண்ணெயையும் துகளையும் அது தண்ணீரோடு இணங்க வைக்கும்.

வெள்ளைப் பரப்பில் கரும்புள்ளிகள் தெரிந்தால் சாயம் சரியாகச் சலிக்கப்படவில்லை, தெளித்த ஈரம் பட்ட இடத்தில் விழித்துக்கொண்டது. சாயத்தை முதலில் இரண்டு ஸ்பூன் சோடாவோடு தனியாக அரைத்து, பிறகு மொத்தத்தில் கலந்தால் சரியாகும். ஊதா உருண்டையில் ஓரம் இளஞ்சிவப்பாகவும் நடு நீலமாகவும் பிரிந்தால் சிவப்பும் நீலமும் கலந்த சாயத்தில் இரண்டும் ஈரத்தோடு வெவ்வேறு வேகத்தில் நகர்ந்திருக்கின்றன. ஈரத்தைக் குறைப்பதே வழி.

இயற்கை நிறம்தான் வேண்டும் என்பவர்கள் வேதியியலோடு விளையாடத் தயாராக இருக்க வேண்டும். மஞ்சள்தூள் தண்ணீரின் காரத்தன்மை ஏற ஏறச் செம்பழுப்பாகும், தொட்டியிலும் துண்டிலும் கறை விடும். செம்பருத்திப் பொடி அமிலத்தில்தான் சிவப்பு, சோடா மிகுந்த தண்ணீரில் அழுக்கு நீலமாக மாறி முகம் சுளிக்க வைக்கும். சங்குப்பூப் பொடிக்கு அமிலம் பட்டால் ஊதா, இல்லாவிட்டால் நீலம், இரண்டுமே பார்க்க நன்றாக இருப்பதால் என் ஓட்டு அதற்குத்தான்.

வெள்ளையாகச் செய்தது சில வாரத்தில் பழுப்பாகிறதா? வாசனை எண்ணெயில் வெனிலின் இருக்கிறது. வெனிலா வாசனை வேண்டும் என்றால் அந்தப் பழுப்பை ஏற்றுக்கொண்டு சாக்லேட் நிறத்திலேயே செய்துவிடுங்கள்.

வாசனை நிற்கவில்லை, அல்லது அளவுக்கு மீறித் தூக்கலாக இருக்கிறது

எலுமிச்சை, ஆரஞ்சு போல முதலில் மூக்குக்கு எட்டும் லேசான வாசனைகள் இயல்பிலேயே ஓடுகாலிகள். அவற்றோடு செடார், பச்சௌலி போன்ற கனமான ஒன்றைச் சேர்த்தால் கொஞ்சம் தங்கும். வாசனை எண்ணெயை முதலில் கயோலினில் விட்டு ஊறவைத்துப் பிறகு கலவையில் சேர்ப்பதும் பலன் தரும்.

வாசனை போதவில்லை என்று அளவை ஏற்றுவதில் மட்டும் கவனம் வேண்டும். தாவர வாசனைச் சாரங்கள் மொத்த எடையில் 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இலவங்கப்பட்டை, கிராம்பு இரண்டும் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே தோலை எரிக்கும், பாத் பாமுக்கு அவை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. புதினாச் சாரம் அதிகமானால் வெந்நீரில் உட்கார்ந்துகொண்டே நடுங்குவீர்கள். பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் சாரத்தில் உள்ள பெர்காப்டென், தோலில் வெயில் பட்டால் புண்ணாக்கும், அது நீக்கப்பட்ட வகையை வாங்க வேண்டும். தொட்டி இல்லாமல் கால் ஊறவைக்கும் சின்ன வாளியில் பயன்படுத்துபவர்கள் முழு உருண்டையைப் போடாதீர்கள். தண்ணீர் குறைவு என்பதால் எல்லாமே செறிவாக இருக்கும். அவர்களுக்குச் சிறிய அச்சு, பாதி வாசனை.

குளித்தபின் அரிப்பு, தொட்டியில் வழுக்கல்

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது, ஏறத்தாழ பி.எச். 5. மிச்சமிருக்கும் சோடா தண்ணீரைக் காரப் பக்கம் தள்ளுகிறது. அரிப்பு வந்தால் அடுத்த தடவை வாசனையும் நிறமும் இல்லாமல், சோடா 150 கிராமோடு ஓர் உருண்டை செய்து பாருங்கள். அதிலும் அரித்தால் உங்கள் தோலுக்கு இது ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள். அரிக்கவில்லை என்றால் நிறத்தை ஒரு தடவை, வாசனையை ஒரு தடவை என்று தனித்தனியாகச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். காயமோ தோல் நோயோ இருக்கும்போது, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்களுக்கு, கைக்குழந்தைகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

வழுக்கலுக்குக் காரணம் எண்ணெய். எழுந்திருக்கும் முன் தண்ணீரை வடித்துவிட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் இதைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், முக்கியமாக வயதானவர்களுக்கு.

ஒட்டிய இதழ்கள் பழுப்பாகின்றன, வடிகால் அடைக்கிறது

முழுக்கக் காய்ந்த இதழாக இருந்தாலும் வெந்நீரில் அது தேநீர்ச் சக்கை போலத்தான் மிதக்கும். தோலில் ஒட்டும், வடிகாலில் சேரும். புகைப்படத்துக்கு அழகு, குளிப்பவருக்குத் தண்டனை. வேண்டும் என்றால் உருண்டையின் மேல் இரண்டே இதழ், இல்லையேல் நைசாகப் பொடித்துச் சேருங்கள். பிளாஸ்டிக் மினுக்குத் தூள் வடிகால் வழியே நீர்நிலைக்குப் போய்ச் சேரும். மினுக்குக்கு மைக்காவே போதும்.

செய்தபோது நன்றாக இருந்தது, வைத்திருந்து எடுத்தால் கெட்டுவிட்டது

பை உப்பியிருந்தால் உருண்டை முழுக்கக் காயும் முன் அடைத்திருக்கிறீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடுவது இன்னும் மோசம், உள்ளே சேரும் வாயு மூடியைத் தெறிக்கவிடும். ஒரு நாள் வெளியே காயவிட்டு, எடை பார்த்துக் குறித்து, மறுநாள் மறுபடி எடை பாருங்கள். எடை குறையாமல் நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றையும் தனியாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் போட்டு வையுங்கள். பல வாசனைகளை ஒரே டப்பாவில் அடைத்தால் எல்லாம் ஒரே வாசனையாகிவிடும்.

தோற்றவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை. வறண்டு உதிர்ந்ததைத் தூளாக்கி, ஆல்கஹால் தெளித்து ஒரு தடவை மறுபடி பிடிக்கலாம். பொங்கி வீணானதில் சீற்றம் இருக்காது என்றாலும் வாசனையும் உப்பும் அப்படியே இருக்கும். என் குளியலறை அலமாரியில் அப்படிப்பட்ட தூள் ஒரு ஜாடி எப்போதும் நிற்கிறது, கால் ஊறவைக்கும்போது ஒரு கைப்பிடி. ஜாடியின் மூடியை மட்டும் சும்மா வைத்து மூடியிருக்கிறேன், திருகவில்லை.